பதினோரு சிவப்பு அம்பு

யாரும்மா பக்கத்துல? கண்ணைத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அதான் கேக்குறேன். வளையல் சத்தம் கேட்டுச்சு, பொம்பளப் பிள்ளைன்னு தெரிஞ்சுக்கிட்டேன். உக்காரு, உக்காரு, என் பைய மடியில வச்சுக்கிறேன். உனக்கும் கண்ணுல சொட்டு விட்டிருக்காங்களா? இல்லையா? மாமனாருக்கா? மருமக கூட வந்திருக்க. கொடுத்து வச்ச மனுசன்.

எனக்கு ரெண்டு தடவ விட்டாச்சு. எரியுது. அரை மணி நேரம் இப்படியே மூடிக்கிட்டு உக்காரணுமாம், அப்புறம் பெரிய டாக்டர் உள்ள கூப்பிட்டுப் பாப்பாராம். வலது கண்ணுல புரை முத்திப் போச்சு. நாளைக்கு ஆப்பரேசன். ஆப்பரேசனுக்கு நான் பயப்படலம்மா. பத்து நிமிசத்துல முடிஞ்சிரும்ங்கிறாங்க. இந்த ஃபாரம்தான் பிரச்சினை. என் கையில இருக்கு பாரு, இந்த மஞ்சப் பேப்பரு. என்னது, வெள்ளையா? சரி, என்னமோ ஒரு கலரு. நாளைக்கு கூட வர்றவங்க யாருன்னு பேரும் நம்பரும் எழுதி, உள்ள கூப்பிடுறதுக்குள்ள குடுக்கணும். இல்லேன்னா நாளைக்குக் கிடையாதுன்னு அந்த சிஸ்டர் பிள்ள கறாரா சொல்லிருச்சு. அடுத்த தேதி எப்பன்னு அதுக்கே தெரியலையாம். நான் தனியா வந்து தனியா போயிக்கிருவேன்னேன். 'கண்ணுல கட்டோட எப்படிம்மா ரோட்டத் தாண்டுவீங்க?'ங்குது. அதுவும் நியாயந்தான்.

எழுதுறதுக்கு ஒரு பேரு இருக்கு. நம்பரும் மனப்பாடமா இருக்கு. ஆனா எழுத மாட்டேன். ஒரு வருசமா என் வீட்டுப் படி ஏறாதவ பேர நான் எதுக்கு எழுதணும், சொல்லு.

தம்பி ஒருத்தன் பூனாவுல இருக்கான். அவனுக்கு இப்ப போன் போட்டா, 'ஒரு வாரத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா லீவு போட்டு வந்திருப்பேனேக்கா'ம்பான். ஒரு வாரத்துக்கு முன்னாடி சொன்னாலும் இதத்தான் சொல்லியிருப்பான்.

கல்யாணமா? இல்லம்மா, பண்ணிக்கல. வரன் வராம இல்ல, ஆறேழு வந்துச்சு. ஒருத்தருக்கு ஒரு தோளு தாழ்ந்து இருந்துச்சு. இன்னொருத்தரு சட்டையில காலர் நுனி ரெண்டும் ஏறுக்கு மாறா இருந்துச்சு. பொண்ணு பாக்க வர்றப்பவே இப்படின்னா அப்புறம் எப்படி இருக்கும்? கடைசியா ஒருத்தரு வந்தாரு, எல்லாம் சரியா இருந்தாரு. எல்லாம் சரியா இருந்தா எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம். வேணாம்னுட்டேன்.

என் வேலை அப்படிம்மா. இருபத்தேழு வருசம் ஒரு எக்ஸ்போர்ட் சட்டைக் கம்பெனியில செக்கிங். தச்சு முடிச்ச சட்டை என் மேசைக்கு வரும். டியூப்லைட்டுக்குக் கீழ விரிச்சுப் போட்டு, காலர், கை, பாக்கெட்டு, பட்டன் ஓட்டை, உள்தையல்னு வரிசையா கண்ண ஓட்டணும். எங்க தப்பு இருக்கோ அங்க சின்னதா ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டணும். அம்பு ஒட்டின சட்டை திரும்பத் தையலுக்குப் போயிரும். அதுக்கு ஆல்டர்னு பேரு. தப்பு ஒண்ணும் இல்லேன்னா பாஸ். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை பாப்பேன். என் மேசையத் தாண்டிப் போன சட்டை ஒண்ணு கூட வெளிநாட்டுல இருந்து திரும்பி வந்ததில்ல. தையல் பிள்ளைங்க எனக்கு 'வில்லி'ன்னே பேரு வச்சிருந்துச்சுக. அம்பு விடுறவளாச்சே, அதனால. எனக்கு அதுல ரொம்பப் பெருமை.

அந்தப் பேரு யாருன்னு கேக்குறியா? ஜெயசீலி. எங்க ஹவுசிங் போர்டு காலனியில எதிர்த்த பிளாக்கு. தெக்க நாசரேத் பக்கத்துக்காரி, மதுரையில பால்வாடி டீச்சரா வேலை பாத்தவ. இத்தனை வருசம் இங்க இருந்தும் அவ ஊருப் பேச்சு போகல. வாயத் தொறந்தா ஏட்டிதான், நம்ம 'ஏன்டீ' மாதிரி. 'ஏட்டி செம்பகம், டீ போட்டுட்டியா?' 'ஏட்டி, உன் வீட்ட என்னத்துக்கு இப்படித் தொடைச்சு வச்சிருக்க, கால் வைக்கவே பயமா இருக்கே!' என் முழுப் பேரு செண்பகவல்லி. கம்பெனியில எல்லாருக்கும் மேடம். தம்பிக்கு அக்கா. எங்கம்மா போனதுக்கப்புறம் என்னைய உரிமையா கூப்பிட்டது இவ ஒருத்திதான்.

ஒயர் கூடை பின்னுவாம்மா. சும்மா காய்கறிக் கூடைன்னு நெனச்சுராத. நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, சிவன் கண்ணு, இன்னும் பேரு இல்லாத முடிச்செல்லாம் அவளே கண்டுபிடிச்சுப் போடுவா. கூடையில மயில் வரும், ரோசாப்பூ வரும். ஒரு தடவ அவ பேரன் பேர ரெண்டு பக்கமும் எழுத்தாவே பின்னிட்டா. இன்னொருத்தி மெஹருன்னிசா, கீழ் வீட்டுக்காரி. அவளுக்குத் துணி பொம்மை. எங்க கம்பெனியில வெட்டி மிஞ்சின துணியெல்லாம் நான் மூட்டையா வாங்கிட்டு வந்து குடுப்பேன். அந்தத் துண்டுத் துணியில யானை, முயல், ஒட்டகம் எல்லாம் செய்வா. கோடு போட்ட சட்டைத் துணியில ஒரு ஒட்டகம் செஞ்சா பாரு, அது ஆபீசுக்குக் கிளம்பின மாதிரியே நின்னுச்சு. நாங்க மூணு பேரும் சிரிச்ச சிரிப்புல மெஹருன்னிசாவுக்குப் பொறையேறிருச்சு.

எனக்குக் கைவேலை ஒண்ணும் வராது. ஒரு முழம் பூ கட்டச் சொன்னாக் கூட நார்ல சிக்கு விழுந்திரும். ஆனா தெரிஞ்சவங்க செய்யிறதப் பாக்கப் பிடிக்கும். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வந்திருவாங்க. ஜெயசீலி வீட்டுல மகன், மருமக, பேரன்னு கூட்டம். மெஹருன்னிசா வீட்டுல எந்நேரமும் டிவி. என் வீட்டுல நான் மட்டுந்தான், தரை பூரா இடம். ஜெயசீலி ஜன்னல் கம்பியில ஒயரக் கட்டி, வாசக்கதவு வரைக்கும் இழுத்து, அந்த அளவுக்கு வெட்டி வெட்டிப் போடுவா. அப்புறம் கால நீட்டி உக்காந்து அடிப்பாகம் ஆரம்பிப்பா. கையப் பாக்கவே மாட்டா. வாய் பாட்டுக்கு மருமகள வஞ்சுக்கிட்டு இருக்கும், விரல் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். ஒவ்வொரு முடிச்சு இறுக்குறப்பவும் டக்குனு ஒரு சத்தம். அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே செவத்துல சாஞ்சபடி தூங்கிருவேன். கட்டில்ல படுத்தா வராத தூக்கம் அங்க வரும். கண்ண முழிச்சா கூடை நாலு விரக்கட உயரம் வளந்திருக்கும். எனக்கு அவ்வளவு சந்தோசமா இருக்கும்மா, நானே பின்னின மாதிரி.

ஆனா ரசிக்கிறதுன்னா சும்மா ஆகா ஓகோன்னு சொல்றதா? அதை யாரு வேணா சொல்லலாம். உத்துப் பாக்கணும். நான் உத்துப் பாப்பேன். 'ஜெயசீலி, மூணாவது வரிசையில அஞ்சாவது முடிச்சு லூசு'ன்னுவேன். அவ தடவிப் பாத்துட்டு, 'இவ கண்ணுல கொள்ளிய வைக்க'ன்னு சிரிச்சுக்கிட்டே பிரிச்சுப் போடுவா. மொத ரெண்டு வருசம் சிரிப்பா. அப்புறம் சிரிக்காமப் பிரிப்பா. வயசாகுதுல்ல, சிரிப்பு கொறஞ்சுபோகும். மெஹருன்னிசா ஒரு முயல் செஞ்சா, ஒரு காது நீளம், ஒரு காது கட்டை. அவ டீ கிளாசக் கழுவப் போனப்ப நானே அந்தக் காதப் பிரிச்சு வச்சிட்டேன், அவளுக்கு ஒரு வேலை மிச்சம்னு. வந்து பாத்துட்டு முயல எடுத்துப் பைக்குள்ள வச்சுக்கிட்டா. அது காதக் கவுத்துக்கிட்டு கேக்குற மாதிரி வேணும்னே வச்சதாம், அப்புறமா ஜெயசீலி சொன்னா. அத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? அதுக்கப்புறம் மெஹருன்னிசா முடிச்ச பொம்மை எதையும் என் வீட்டுக்குக் கொண்டு வர்றதில்ல. கேட்டா, மறந்துட்டேன்னுவா. அவளுக்கு மறதி ஜாஸ்தி.

அம்பு ஸ்டிக்கரா? ஆமா, அது என் பர்சுலயே இருக்கும். கம்பெனி வேலையில இருந்து நின்னு வர்றப்ப நாலு அட்டை கொண்டு வந்தேன். வாயால சொன்னா அவங்களுக்கு மறந்துரும்ல, ஒட்டி விட்டுட்டா வீட்டுக்குப் போயி சாவகாசமா சரி பண்ணிக்கிருவாங்க.

போன வருசம் அறுப்பின் பண்டிகை வந்துச்சு. தெரியுமா உனக்கு? அவங்க சர்ச்சுல வருசத்துக்கு ஒரு தடவ வரும். ஆளாளுக்கு வீட்டுல இருந்து பூசணிக்கா, கோழி, வாழைத்தாரு, கேக்குன்னு கொண்டு வந்து காணிக்கையா வைப்பாங்க. ஆராதனை முடிஞ்சதும் வெளிய பந்தல்ல வச்சு ஏலம் போடுவாங்க. ஜெயசீலி பதினஞ்சு வருசமா வாழைத்தாருதான் குடுத்துக்கிட்டு இருந்தா. அந்த வருசம், 'ஏட்டி, நான் கூடை வைக்கப் போறேன்'னா. அதுல அவளுக்கு ஒரு வைராக்கியம். மருமக அவ கூடையப் பாத்தாலே மூஞ்சியச் சுளிக்கும், 'இந்தக் காலத்துல யாரு அத்தை இத தூக்கிட்டுப் போவா'ங்கும். அது கண்ணு முன்னாடி, அத்தனை பேரு மத்தியில, தன் கூடைய நாலு பேரு போட்டி போட்டுக் கேக்கணும். அவ்வளவுதான் அவ ஆசை.

முழுக்க வெள்ளை ஒயரு. வேற கலரே கெடையாது. வெள்ளையில பின்னுறது கஷ்டம்மா, முடிச்சு கொஞ்சம் கோணினாலும் காட்டிக் குடுத்துரும். அதுவும் சிவன் கண்ணு முடிச்சு. 'சர்ச்சுக்குக் குடுக்குற கூடையில சிவன் கண்ணு முடிச்சாடீ'ன்னு நான் கேட்டேன். 'ஏட்டி, மெதுவாச் சொல்லு, எங்க சர்ச்சு ஆயர் காதுல விழுந்துரப் போகுது. கேட்டா நட்சத்திர முடிச்சுன்னு சொல்லிக்கிடுவோம்'னா. மூணு மாசம். ஒவ்வொரு தடவையும் கைய சோப்புப் போட்டுக் கழுவித் தொடைச்சிட்டுத்தான் ஒயரத் தொடுவா. கடைசி ஒரு மாசம் வீட்டுலயே வச்சுப் பின்னினா, என்கிட்ட காட்டவே இல்ல. 'அன்னிக்கு வந்து பாரு'ன்னுட்டா. ஆச்சரியப்படுத்தணும்னு நெனச்சிருக்கா.

பண்டிகை அன்னிக்கு நான் எல்லாருக்கும் முன்னாடி போயிட்டேன். உள்ள பாட்டு கேக்குது, ஜெயசீலி பாடகர் குழுவுல நிக்கிறா. பந்தல்ல யாரும் இல்ல. கூடை தனியா ஒரு மேசை மேல, பூசணிக்காய்க்குப் பக்கத்துல. பாத்ததும் எனக்கு ஒடம்பு சிலிர்த்துருச்சும்மா. நெசமாத்தான் சொல்றேன். அவ்வளவு அழகு. ஒரு முடிச்சு, ஒரே ஒரு முடிச்சு கூடக் கோணல் இல்ல. தடவித் தடவிப் பாத்தேன். எத்தனையோ லட்சம் சட்டை பாத்திருக்கேன், இப்படி ஒண்ணு என் மேசைக்கு வந்ததில்ல. கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அப்புறந்தான் இந்தப் பக்கமா சுத்தி வந்தேன். வெயில் பட்ட பக்கம் நல்லா வெள்ளையா இருக்கு. நெழல் பக்கம் மஞ்சளா, பழுப்பா தெரியுது. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. கடைக்காரன் ரெண்டு ஷேடுல ஒயரக் குடுத்து ஏமாத்தியிருக்கான், இந்தப் பைத்தியக்காரி கவனிக்கல. மூணு மாசப் பாடு. உள்ள போயி பாட்டுக்கு நடுவுல கூப்பிட முடியுமா? அம்ப எடுத்தேன். எங்கெங்க ரொம்ப மஞ்சளா இருக்கோ அங்க மட்டும் ஒட்டினேன். பதினொண்ணு. ஆராதனை முடிஞ்சு வந்தா பாப்பா, பாத்துட்டு அந்தப் பக்கத்த மறைச்சுத் திருப்பி வச்சுக்கிருவான்னு ஒரு எண்ணம். நல்லதுக்குத்தான் பண்ணினேன். ஒட்டிட்டு, பின்னாடி பிரியாணி வேகுற பக்கம் போயி உக்காந்துட்டேன். மெஹருன்னிசா வந்தா, பேசிக்கிட்டு இருந்ததுல நேரம் போனது தெரியல.

மைக்குல சத்தம் கேட்டு ஓடி வந்தா ஏலம் பாதி முடிஞ்சிருச்சு. ஜெயசீலி கூடைப் பக்கம் வர்றதுக்குள்ளயே ஆரம்பிச்சிட்டாங்க போல. ஏலம் போடுறவரு கூடையத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்காரு. வெள்ளைக் கூடையில பதினோரு சிவப்பு அம்பு. 'என்னம்மா இது, கூடைக்குள்ள போறதுக்கு வழி போட்டிருக்கா?'ன்னாரு மைக்குல. பந்தலே சிரிச்சுச்சு. அந்த மருமக வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. ஜெயசீலி முன்னாடி போயி, கூடைய வாங்கி மேசை மேல வச்சு, நகத்தால ஒவ்வொரு அம்பாப் பிச்சா. யாரும் அவளுக்கு ஒதவி பண்ணல. பதினொண்ணையும் பிச்சுக் கையில வச்சுக்கிட்டு, 'யாரு ஒட்டினது?'ன்னு கேட்டா.

நான் ஒளிஞ்சுக்கலம்மா. கையத் தூக்கினேன். 'நான்தான் ஜெயசீலி. இந்தப் பக்கம் ஷேடு மாறியிருக்கு, மஞ்ச அடிக்குது, நீ பாக்கலையா?'ன்னேன். 'ஏட்டி, ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கின ஒயரு. எங்க மாறியிருக்கு? காட்டு'ன்னா. காட்டினேன். அவ பாத்தா. ஏலம் போடுறவரு பாத்தாரு. வெள்ளைதானேங்கிறாங்க. மெஹருன்னிசாவக் கூப்பிட்டு, 'நீ பாத்துச் சொல்லு'ன்னேன். அவளும் குனிஞ்சு பாத்துட்டு, 'வெள்ளைதான் செம்பகம், விட்டுரு'ன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. கூட்டத்துல ஜெயசீலி மனசு நோகக் கூடாதுன்னு எல்லாரும் சேந்துக்கிட்டு பொய் சொல்றாங்க, நான் ஒருத்திதான் உள்ளதச் சொல்றேன். 'உங்களுக்கெல்லாம் கண்ணு இல்ல'ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். மைக்கு பக்கத்துல இருந்துச்சு போல, அது எல்லாருக்கும் கேட்டிருச்சு.

அதுக்கப்புறம் கூடைய யாரும் ஏலம் கேக்கல. கடைசியில பாவம்னு ஆயரோட சம்சாரம் எடுத்துக்கிட்டாங்க. ஜெயசீலி என் கையப் பிடிச்சு விரிச்சு, அந்த அம்பையெல்லாம் என் உள்ளங்கையில ஒட்டிட்டுப் போயிட்டா.

அடுத்த ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு டீ போட்டு வச்சேன். யாரும் வரல. அதுக்கடுத்த வாரமும் போட்டேன். நாலஞ்சு வாரம் மூணு பேருக்குப் போட்டு, மூணையும் நானே குடிச்சேன். இப்ப அவங்க ரெண்டு பேரும் மெஹருன்னிசா வீட்டுல உக்காருறாங்க. எனக்கு நேர் கீழ் வீடு. டிவிய நிறுத்திருறாங்க போல, அந்த டக் டக் சத்தம் மேல என் வீடு வரைக்கும் கேக்கும். சிரிப்பு கேக்கும். நான் தரையில படுத்துக்கிட்டுக் கேப்பேன். உள்ளதச் சொன்னதுக்கு எனக்குக் கெடச்சது இதுதான். சொல்லு, என் மேல என்ன தப்பு இருக்கு?

என்னம்மா? எத்தனை நாளா கண்ணு இப்படி இருக்குன்னா? அது இன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. காலையில ஒரு சின்ன டாக்டர், இடது கண்ண மூடிக்கிட்டு வலது கண்ணால செவத்தப் பாருங்கன்னாரு. பாத்தேன். 'உங்க செவத்துக்கு பெயிண்ட் சரியில்ல டாக்டர், இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, மஞ்ச அடிச்சுப் போய் கெடக்கு'ன்னு சொன்னேன். அவரு சிரிச்சுட்டாரு. இப்ப மாத்திப் பாருங்கன்னாரு. மாத்தினேன், கொஞ்சம் வெளுப்பாத் தெரிஞ்சுச்சு. 'செவரு வெள்ளைதாம்மா. புரை வந்தா வெள்ளை மஞ்சளாத் தெரியும், உங்களுக்கு ரெண்டு மூணு வருசமாவே இருந்திருக்கும், பழகிப் போனதுல தெரிஞ்சிருக்காது'ன்னாரு. நல்ல வெயில்ல அவ்வளவாத் தெரியாதாம், நெழல்லதான்...

...

இரு. ஒரு நிமிசம் இரும்மா.

இல்ல, ஒண்ணும் இல்ல. நீ பேசாத கொஞ்சம்.

அப்ப அது வெள்ளையா?

உன்னையக் கேட்டு என்ன பண்றது, நீ அதப் பாக்கல. எல்லாரும்தான் பாத்தாங்க. அத்தனை பேரும் வெள்ளைன்னாங்க. பதினோரு அம்பும்மா. இருபத்தேழு வருசத்துல ஒரு அம்பு தப்பா ஒட்டினதில்ல நான். ஒட்டினது அவ கூடையில. ஒரு முடிச்சு கூடக் கோணல் இல்லாத கூடை. நான் அவகிட்ட அதச் சொல்லவே இல்லம்மா. கண்ணுல தண்ணி வந்துச்சுன்னு உன்கிட்டச் சொன்னேன் பாரு, அவகிட்டச் சொல்லல. மொதல்ல அம்பத்தான் எடுத்தேன்.

உங்களுக்கெல்லாம் கண்ணு இல்லன்னேனே.

என் பைக்குள்ள போன் இருக்கும், எடு. பட்டன் போன்தான். எனக்கு இப்ப பட்டன் கண்ணுக்குத் தெரியாது, நான் நம்பர் சொல்லச் சொல்ல நீ அமுக்கு. எழுதி வைக்கல, மனசுல இருக்கு. அவ எடுத்ததும் திட்டுவா பாரு. 'ஏட்டி, இப்பத்தான் உனக்கு நான் நெனப்புக்கு வந்தேனா'ன்னு ஆரம்பிப்பா. ஒரு வருசத்துக்கு உள்ளத எல்லாம் சேத்து வச்சுத் திட்டுவா. திட்டட்டும். நான் வாயே தொறக்க மாட்டேன். எல்லாம் கேட்டுட்டு, 'வெள்ளைதான் ஜெயசீலி'ன்னு சொல்லிருவேன். அப்புறம் நாளைக்கு வான்னு கூப்பிடுவேன். கொஞ்சம் பிகு பண்ணுவா, வந்துருவா. அவ பின்னின கூடையில சாப்பாடு கட்டி எடுத்துட்டு வருவா, எனக்குத் தெரியும். அடிக்குதா? குடு, காதுல வையி.

ஹலோ. ஜெயசீலியா. நான் செம்பகம்... ஆமா. எதிர் பிளாக்கு செம்பகம்... நல்லா இருக்கேன். இல்ல, நல்லா இல்ல, கண்ணாஸ்பத்திரியில இருக்கேன். புரை. நாளைக்கு ஆப்பரேசன்ங்கிறாங்க... ஆமா, வலது கண்ணு. கூட ஒரு ஆள் வேணுமாம்... ஜெயசீலி, இந்தப் புரை வந்தா வெள்ளையெல்லாம் மஞ்சளாத் தெரியுமாம். டாக்டர் சொன்னாரு. ரெண்டு மூணு வருசமா இருந்திருக்காம். அப்ப அந்தக் கூடை... ம்... ம்... எட்டு மணிக்கு. பழைய கட்டடம், கீழ்த்தளம்... சரி... சரி.

வச்சுட்டாம்மா.

வர்றேன்னுட்டா. ஆமா, உடனே சொல்லிட்டா. திட்டவே இல்ல. நான் கூடைன்னு ஆரம்பிச்சேன்ல, 'அதெல்லாம் எதுக்கு இப்ப, அது முடிஞ்சுபோச்சு'ன்னா. அமைதியாத்தான் சொன்னா. கோவமே இல்ல. அப்புறம் கேட்டா, 'எத்தனை மணிக்கு வரணும், சொல்லுங்க'ன்னு.

சொல்லுங்கன்னாம்மா. என்னைய.

நான் தப்பாக் கேட்டேன்னு நெனச்சேன். எட்டு மணின்னதும், 'சரிங்க, வந்துடுறேன்'னா. பால்வாடியில பிள்ளைகளக் கூட்டிட்டு வர்ற அம்மாமாருகிட்டப் பேசுவா பாரு, அந்தக் குரல்.

இல்லம்மா, சந்தோசந்தான். நாளைக்கு ஆப்பரேசன் நடக்கும்ல, அதுதான வேணும். நீ அந்த ஃபாரத்த எடுத்து எழுதிரு, அந்தப் பிள்ள கூப்பிட்டுரப் போகுது. எஸ். ஜெயசீலி. நம்பர்தான் போன்லயே இருக்கு, அதப் பாத்துப் போடு. இன்னும் என்ன இருக்கு? உறவா? அப்படி ஒரு கட்டம் இருக்கா?

தோழின்னு எழுதவான்னா கேக்குற. அரை மணி நேரத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா, அவ மேல இருந்த அத்தனை கோவத்துலயும் அப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பேன்.

தெரிஞ்சவங்கன்னு எழுதும்மா.